பையின் வாய் எந்தப் பக்கம்

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு, வயிற்றின் இடப்பக்கம் துளை போட்டு, அதன்மேல் ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மலம் இனி அதில்தான் இறங்கும். எனக்கோ தறியில் மறுபடி உட்கார முடியுமா என்பதுதான் கவலை. நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை; உடலும் கரையும் தனித்தனி நூலில் ஓடி, இழைக்கு இழை ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். சேலையின் உடலுக்கு, ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை நான் போட, இடப்பக்கக் கரைக்கு என் மனைவி ஒட்டி உட்கார்ந்து போடுவாள். பை இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

மாதிரியைப் பார்த்து அப்படியே நெய்து பழகிய கைகள் எங்களுடையவை. ஆஸ்பத்திரியில், காலி செய்யத் திறக்கும் பையின் வாய் இடுப்பைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. மாற்றும்போதெல்லாம் அவளும் அதே சாய்வில் அச்சு அசலாக ஒட்டினாள். கழிப்பறையில் திறந்தால் பாதி உள்ளேயே நிற்கும், மீதி தொடையில் வழியும். பிழிந்தேன், உலுக்கினேன், கடைசியில் அவள்மேல் எரிந்து விழுந்தேன். எங்கே தப்பு என்று இருவருக்குமே விளங்கவில்லை.

அடுத்த முறை போனபோது, ஏன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறோம் என்று நர்ஸ் கேட்டார். நீங்கள் ஒட்டியது போலத்தான் என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"அப்ப நீங்க படுத்துக்கினு இருந்தீங்க. இப்பதான் எழுந்து நடக்கிறீங்களேபா. வாய் கீழ பாத்து இருக்கணும்."

பை நிரம்பும்வரை காத்திராமல், மூன்றில் ஒரு பங்கு ஆனதுமே காலி செய்யவும் சொன்னார்.

கீழே திருப்பினோம். சுலபமாக இறங்கியது. ஆனால் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தால், நெய்த சேலையைச் சுருட்டும் படமரம் பையை மடித்து அழுத்தியது. மறுபடி குழப்பம். நடக்க ஒரு திசை, நெய்ய ஒரு திசையா? நர்ஸ் தறியில் உட்கார்ந்தவரில்லை. யாரைப் போய்க் கேட்பது? அவள் யாரையும் கேட்கவில்லை. வாயைத் தொடைப்பக்கம் சற்றே சாய்த்து ஒட்டினாள். பிளாஸ்டிக் தோலில் உரசி வேர்க்காமலிருக்க என் பழைய லுங்கியைக் கிழித்து உறை தைத்தாள். அந்தச் சாய்வுக்கு மாதிரி எதுவும் கிடையாது. சரிதானா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

உட்கார்ந்தோம். நாலு இழை ஓடியிருக்காது, பைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கூசிப்போனேன். வாடை வரும், கொஞ்சம் தள்ளி உட்கார் என்றேன்.

"நவுந்துட்டா கோர்வை எப்டிங்க சேரும்?" என்றாள்.

கரை நாடாவைக் கையில் பிடித்தபடி, நான் என் நாடாவைப் போடுவதற்காகக் காத்திருந்தாள்.