ஆடும் சக்கரமும் ஒத்துக்கொள்ளாத ஆட்களும்

சக்கரம் உராயாமல் சுற்ற உள்ளே இருக்கும் குண்டு வளையமான பேரிங், வண்டியில் யாருமே கண்ணால் பார்க்காத பாகம் என்பதால், அது போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. பட்டறை வைத்திருக்கும் உங்களுக்கும் இதே பாடுதான் என்று நினைக்கிறேன். நான் பூதலூரில் வைத்திருக்கிறேன். 'பொம்பள மெக்கானிக்' என்பதால் எனக்குச் சந்தேகப் பார்வை கொஞ்சம் கூடுதல்.

விரலை விட்டுப் பாருங்க

கோவிந்தராஜ் அண்ணன் விவசாயி. நெல் மூட்டை, உர மூட்டை எல்லாம் பைக்கில்தான். பிரேக் பார்க்க வந்தார். டபுள் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. பேரிங் மாற்றணும் என்றேன். "வண்டி நல்லாத்தாம்மா ஓடுது, பிரேக்க மட்டும் பாரு" என்றார்.

நான் விடவில்லை. "அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே. நல்லா இருந்தா அப்படியே மாட்டித் தர்றேன்" என்று சக்கரத்தைக் கழற்றி, பேரிங் ஓட்டைக்குள் அவர் விரலையே விட்டுச் சுற்றச் சொன்னேன். மணலை அரைப்பதுபோல் நறநறவென்றது. இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுலயாம்மா தினம் எம் பொண்ண காலேஜுக்குக் கொண்டுபோய் விட்டுட்டிருக்கேன்? மாத்திடு."

உப்புக்காற்று

எங்கள் ஊரில் இருக்கும் தன் மாமனார் வீட்டுக்கு வந்திருந்த வேதாரண்யத்துக்காரர் ஒருவர், உப்பளத்தில் வேலை. மறுநாள் காலை வேலைக்குப் போயாக வேண்டும். பின்சக்கர பேரிங் துருப்பிடித்து, சக்கரத்தின் நடுக்கூடான ஹப்போடு ஒட்டிப்போயிருந்தது. தட்டினால் உள்வளையமும் குண்டுகளும் உதிர்ந்தன, வெளிவளையம் அசையவில்லை. ஹப்பையே மாற்றச் சொல்லி ஏற்கெனவே இரண்டு கடையில் கைவிரித்திருந்தார்கள்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. எண்ணெய் விட்டேன், கொதிநீர் ஊற்றினேன், தோள் கழன்றுவிடும்போல் தட்டினேன். மூன்று மணி நேரம். பக்கத்து வெல்டிங் கடை யூசுப் பாய் சத்தம் பொறுக்காமல் எழுந்து வந்தார். வளையத்தின் உள்பக்கம் ஒரு சுற்று வெல்டிங் கோடு இழுத்தார். சூடு ஆறியதும் வளையம் சுருங்கித் தானாகக் கீழே விழுந்தது. உப்பளக்காரர் என்னைக் கும்பிட்டார். நான் பாயைப் பார்த்தேன். பாய் சொன்னது: "மூணு மணி நேரமா என் காதுல தட்டுனதுக்கு, ஒரு தடவ கதவத் தட்டியிருக்கலாம்லம்மா?"

மேஜையில் மிஞ்சியது

இது என் தப்பு. கிராம நர்ஸ் ரேவதியின் ஸ்கூட்டருக்கு முன்சக்கர பேரிங் மாற்றி அனுப்பினேன். மேஜையைத் துடைக்கும்போது ஒரு சின்னக் குழாய் கையில் பட்டது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஸ்பேசர்! அது இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங் நசுங்கும். ஓடும்போதே சக்கரம் இறுகலாம்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. புது பேரிங், ஸ்பேசர், ஸ்பேனர் எல்லாம் எடுத்துக்கொண்டு, அவர் தினம் போகும் திருவையாறு சாலையில் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே போனேன். வாய்க்கால் ஓரத்து வீடொன்றில் பிள்ளைபெற்றவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையை எடை போட்டுக்கொண்டிருந்தார். "வண்டிய எடுக்காதீங்க. தப்பு என்னுது" என்றேன். அந்த வாசலிலேயே கழற்றி, மாற்றி, நானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டே ரேவதி சொன்னார்: "தப்பு நடந்தா போன எடுக்காதவங்களத்தான்க்கா பாத்திருக்கேன், நீங்க தொரத்திக்கிட்டு வர்றீங்களே!"

ஒன்று மட்டும் சொல்லலாம்: நாம் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறோம் என்பதற்கு இந்தத் தொழிலில் ஒரே அத்தாட்சி, வண்டியைக் கொண்டுவந்த ஆள் அப்புறம் நம் பட்டறைப் பக்கமே தலைகாட்டாமல் இருப்பதுதான்.