பழைய முகவரியில் வந்தவள்

அந்த மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. பழைய பக்கத்தின் முகவரியைத் தட்டுகிறவர்களைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடுவதுதான் அங்கே அவளுக்கு வேலை. கூட இருப்பவர்கள் வைத்த பட்டப்பெயர், டிராஃபிக் போலீஸ். அவள் மட்டும் சளைத்தவளா? அபராதம் என்று சொல்லி அவர்கள் பிஸ்கட்டைக் காலி செய்துவிடுவாள்.

இணையதளத்தை மொத்தமாக மாற்றிய வாரம் அது. பழைய முகவரிகள் மலையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து மாளாது, எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடு என்றார் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை, பாவம், மேலிடத்து நெருக்கடி. அவளுக்குத்தான் சுருக்கென்றது. அடித்துப்பிடித்து ஓடி வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, உள்ளே போய் நீயே தேடிக்கொள் என்றால் அது என்ன நியாயம்?

அவள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் வலிப்பு வந்தது. கணவர் ஊரில் இல்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டாள், அதற்கு மேல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரசவ சமயத்தில் போனில் சேமித்து வைத்திருந்த இதே மருத்துவமனையின் குழந்தை முதலுதவிப் பக்கத்து முகவரியைத் தட்டினாள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள் என்று பக்கம் திறந்தது. படிக்கப் படிக்க அப்படியே செய்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டது.

அந்தப் பக்கம் அப்போதே இடம் மாறியிருந்தது, யாரோ ஒரு புண்ணியவான்தான் தன்னைச் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகே அவளுக்குத் தெரிந்தது. அவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார் என்று நினைத்திருந்தாள்.

இதை மேலாளரிடம் சொன்னாள். அவர், அவசரப் பக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாகவே பார், மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

அப்போதுதான் மூலை நாற்காலி திரும்பியது. அறையிலேயே மூத்தவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று எல்லாரும் கேலி செய்யும் மனிதர்.

"அதை நான்தாம்மா திருப்பிவிட்டேன். யாராவது பதறிக்கிட்டு வந்தா என்ன பண்ணுவாங்கன்னு தோணுச்சு. ஆனா யாராவது வந்தாங்களான்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது."

இந்த மனிதருக்கா தினமும் வெறும் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

"நான் வந்தேன் சார்," என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாப்பா இப்ப என்ன பண்றா?"

"வீட்டை ரெண்டு பண்ணிட்டிருக்கா சார்."