தயிர்சாதத்தை உதைத்த வில்லன்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் சாப்பிட்டு வளர்ந்தன. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணினால் கோணட்டும், விஷயம் நேராக இருக்கும்.

கடைக்குட்டி அமெரிக்காவில் காப்பெல் என்கிற ஊரில் இருக்கிறான், நானும் அவனோடுதான். வாரமெல்லாம் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமையானால் சிவப்புக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு மல்யுத்த மேடைக்குப் போய்விடுவான். சண்டை போடுவதில்லை, வில்லன்களுக்கு மேனேஜர். மைக்கைப் பிடித்து ஊரையே திட்டுவான். நடுவரைப் பேச்சில் இழுத்துவைத்துக்கொண்டு, தன் ஆள் பின்னாலிருந்து நாற்காலியால் அடிக்க வழி செய்வான். யார் ஜெயிப்பது என்பது முன்னாலேயே பேசிவைத்ததுதான். அதை வெளியே சொல்லக் கூடாதாம். நான் சொல்லிவிட்டேன், என்ன செய்வான்?

அவனிடம் வில்லன்கள் தங்குவதில்லை. ஒருவன் சர்ச்சில் சேர்ந்து திருந்திவிட்டான். இன்னொருவனுக்குக் கல்யாணமாயிற்று, பெண்டாட்டி விடவில்லை. மூன்றாவதாக வந்தவன் எங்கள் வீட்டு நிலைப்படியில் தலை இடிக்காமல் நுழைய முடியாத ஆள். அவனைக் கெடுத்தது நான்.

நான் எப்போதும் முன்வரிசையில்தான் உட்காருவேன். ஒரு சனிக்கிழமை, அவன் சாப்பிடாமல் வந்தது தெரிந்து, தயிர்சாத டப்பாவை நீட்டினேன். அதுவரை உறுமிக்கொண்டிருந்தவன் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கி, “தேங்க்யூ, ஆன்ட்டி” என்றான். மண்டபமே கைதட்டியது. அடுத்த வாரமும் தட்டியது. கைதட்டல் வாங்குகிற வில்லன் எதற்கு? மல்யுத்தம் நடத்துகிறவர் என் மகனிடம் சொல்லிவிட்டார்: வரும் சனிக்கிழமையும் ஜனம் இவனைத் திட்டவில்லையென்றால் நீங்கள் இருவரும் வர வேண்டாம்.

மகன் சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டான். நாற்பது வயது.

“என்ன பண்ணுனா திட்டுவாங்க, சொல்லு.”

“உன் டப்பாவ அவன் உதைச்சுத் தள்ளணும்மா. க்ரவுட் கொன்னுடும்.”

“உதைக்கச் சொல்லு.”

மகன் போனை ஸ்பீக்கரில் போட்டு வில்லனிடம் கேட்டான். “நோ ஆன்ட்டி, ஐ கான்ட்” என்று அந்தப் பக்கம் அழுகைக் குரல். சோற்றைக் கொட்டாதே என்றுதான் அவனையும் வளர்த்திருக்கிறார்கள். நான் மட்டும் கொட்ட விட்டேனா? ஆறு பேர் தட்டிலும் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை. வெறும் டப்பா போதும் என்றான் மகன். கூட்டத்துக்குக் கண் இல்லையா? சோறு பெரிதா, பிள்ளை பெரிதா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சாமியிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு அரிசியைக் களைந்தேன்.

சனிக்கிழமை டப்பாவைத் திறந்து நீட்டினேன். தடியன் மரம் மாதிரி நிற்கிறான். கண் கலங்குகிறது.

“உதைடா, எருமை” என்றேன் பல்லைக் கடித்து. தமிழ் தெரியாது அவனுக்கு. அதட்டல் தெரியும். உதைத்தான். என் சேலையிலிருந்து மூன்றாவது வரிசை வரை தயிர்சாதம்.

அடேயப்பா, என்ன வசவு. ஒரு அம்மா அழுதுகொண்டே என் சேலையைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடினேன். அழுகிறேன் என்று நினைத்து இன்னும் கத்தினார்கள்.

மகனுக்கு மேனேஜர் வேலை நிலைத்தது. வில்லன் மட்டும் வீடு வரும்வரை பின்சீட்டில் “ஸாரி ஆன்ட்டி” என்று விசும்பினான்.

இப்போது காப்பெல்லில் பார்க்கிறவர்களெல்லாம் “பாவம் ஆன்ட்டி” என்கிறார்கள். பாவமாவது. அந்த மண்டபத்தைக் கத்த வைத்தது நான் என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதினேன். தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பேத்தியிடம் தாளைக் கொடுத்தேன்.

“வாசி கண்ணு.”

“ஆல் ஆஃப் இட், அப்பத்தா?”

“உதைச்ச எடத்துல இருந்து. கொஞ்சம் சத்தமா.”