நான் வைச்ச சூடு

வன்னியிலை வயல் செய்தவனாலை முத்தின கதிரைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்க ஏலாது. என்ரை வேலையே போகப் பாத்தது இந்தக் குணத்தாலைதான்.

இத்தாலியிலை பலேர்மோவுக்கு வெளியிலை மலைச் சரிவிலை ஒரு வேட்டைக் காணி. மனுசி லிபெர்த்தா வீதியிலை வேலை செய்யிற வீட்டு முதலாளி சிஞ்ஞோர்தான் சொந்தக்காரர். பறவையளுக்குத் தண்ணித் தொட்டி நிரப்புறது, கோதுமை விதைக்கிறது என்ரை பொறுப்பு. சுடப்போற கவுதாரியளுக்கு நான்தான் சமையல்காரன். கபோச் சந்தையிலை எங்கடை சனம் நக்கலடிக்கும். எனக்கும் பிடிக்கேல்லைத்தான். ஆனா வேலை இல்லாட்டி இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க ஏலாதே.

முதல் வருசம் ஆனி மாசம், ஓரத்திலை நிண்ட கோதுமையைக் காட்டி சிஞ்ஞோர் "அ பெர்தெரே" எண்டார். வீணாப் போகுது எண்டு எனக்கு விளங்கிச்சுது. ரெண்டு நாள் இடுப்பு முறிய அறுத்து, ஊரிலை மாதிரிக் கதிரைப் போராக் குவிச்சுச் சூடு வைச்சன். பக்கத்திலை நெஞ்சை நிமித்திக்கொண்டு படம் எடுத்து அவருக்கு அனுப்பினன்.

உடனை ஜீப்பிலை வந்திட்டார். கத்தேல்லை, அதுதான் பயம். "அ பெர்தெரே" எண்டால் அறுக்காமல் பறவைக்கெண்டே விடுற பயிராம். குஞ்சுகள் பருந்துக்கு ஒளிக்கிறதும் அதுக்குள்ளைதானாம்.

"பறவையளை எண்ணிப்போட்டுத்தான் சுடுறனாங்கள், சிவா. தொகை காணாட்டித் துவக்கைத் தொடமாட்டம்."

கொல்லப்போற பறவைக்கு ஏன் இவ்வளவு கவலை எண்டு கேட்டிட்டன். வாய் சும்மா கிடந்தால்தானே.

"வேட்டை இல்லாட்டி இந்தச் சரிவிலை நாளைக்கு வில்லாதான் நிக்கும். காட்டுப்பண்டியைச் சுடாட்டி நிலத்திலை ஒரு முட்டை மிஞ்சாது. கவுதாரிக்கு ஆர் கோதுமை விதைப்பினம், நீயோ?"

ஓம், நான்தான் விதைச்சனான். அவரின்ரை காசிலை.

மனுசிக்கு வேறை கவலை. "ஏனப்பா, வெட்டினதுதான் வெட்டினியள், அதை ஏன் படமெடுத்து அனுப்பினியள்?"

ஆவணியிலை பறவை எண்ண ரெண்டு பேரும் சரிவு முழுக்க நடந்தம். ஒரு கூட்டம்கூட எழும்பேல்லை. சிஞ்ஞோர் அந்த வருச வேட்டையை நிப்பாட்டினார். துவக்குக்காரர் ஒரு சூடும் வைக்கேல்லை. நான் வைச்ச சூடே போதும்.

என்னையும் நிப்பாட்டுவார் எண்டுதான் போய் நிண்டன். "சுடாத வருசமும் விதைக்க ஆள் வேணும்" எண்டு சொல்லி என்ரை வேலைக் கடுதாசியிலை கையெழுத்துப் போட்டார். அதுக்குப் பிறகு வேட்டைக்காரரைக் கொலைகாரர் எண்டு சொல்ல எனக்கு வாய் வாறேல்லை.

புதுசா வாற தம்பியள், விளங்காத சொல்லு வந்தால் வெட்ட முன்னம் கேளுங்கோ. வெட்டினாப் பிறகு கேட்டாலும் விளக்கம் நல்லாக் கிடைக்கும். கவுதாரிதான் கிடைக்காது.