திருமழிசைக் காரக்காசு

வீட்டில் ஒரு டப்பா தின்பண்டம்கூட வைத்துக்கொள்ளாத ஆட்களை நான் நம்புவதில்லை. பிடித்ததைக் கண்ணால் பார்த்தும் கை நீளாத மனுஷர்களிடம் என்னத்தைப் பேசுவது? அந்த வகையில் எங்கள் பிளாக்கிலேயே நான் முழுசாக நம்பிய ஆள் எதிர்வீட்டுத் தாட்சாயிணி.

ஆவடி குவார்ட்டர்ஸுக்கு அவள் குடிவந்தது எண்பத்து நான்கில். புருஷன் செங்கல்வராயன், என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அதே பேக்டரியில் வெல்டர். தாட்சாயிணிக்கு நல்ல உயரம், கணீரென்ற குரல், எதற்கும் பயப்படாத முகம். ஒரே ஒரு பலவீனம் உண்டு. மொறுமொறுப்பாக எதையாவது பார்த்துவிட்டால் அவள் கை அவள் பேச்சைக் கேட்காது.

எங்கள் குவார்ட்டர்ஸில் உள்ளூர்க்காரர்கள் குறைவு. மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் ஆளாளுக்கு ஊருக்கு ரயிலேறிவிடுவோம். திரும்பும்போது ஊர்ப் பண்டம் இல்லாமல் வெறுங்கையோடு வந்தால், அவர்கள் ஊருக்குப் போனதாகவே நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். நான் தூத்துக்குடி, மக்ரூன் கொண்டுவருவேன். கீழ்வீட்டு நாகர்கோவில்காரர்கள் தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ். மேல்வீட்டுப் பஞ்சவர்ணம் கோவில்பட்டிக்காரி. அவள் கொண்டுவரும் கடலைமிட்டாயும், வழியில் சாத்தூரில் வாங்கிவரும் காராச்சேவும்தான் பிளாக்கில் ராஜா. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் மாடிப்படி ஏறினாலே வாசனை தூக்கும். எல்லா வீட்டுக்கும் தட்டு போகும். போன தட்டு காலியாகத் திரும்பக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். நம் ஊர்ப் பண்டத்தை வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும்.

இங்கேதான் தாட்சாயிணி மாட்டிக்கொண்டாள். அவள் அம்மா வீடு திருமழிசை. பூந்தமல்லி போய் இன்னொரு பஸ் ஏறினால் வந்துவிடும். காலையில் போய் சாயங்காலம் திரும்பினால் அதுதான் அவளுடைய ஊர்ப் பயணம். கொண்டுவர என்ன இருக்கிறது? வந்த தட்டையெல்லாம் கழுவி, ஒரு பிடி சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். வந்த பண்டத்தையோ, நின்ற இடத்திலேயே தின்று தீர்ப்பாள். சாத்தூர்ச் சேவு என்றால் சொல்லவே வேண்டாம்.

"ஒரு வாய் போட்டா நிறுத்த முடிலக்கா. பேப்பருக்கு அடில கீற தூள் வரைக்கும் போய்ட்றேன்" என்பாள். செங்கல்வராயன் ஷிப்ட் முடிந்து வந்து டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. கேட்டால் எலி தின்றுவிட்டது என்பாள்.

"மூடின டப்பாவ எலி எப்டிம்மே தொறந்துச்சு?" என்று அந்த மனுஷன் கேட்டது எங்கள் வீடு வரை கேட்டது.

பஞ்சவர்ணத்துக்குக் கை தாராளம். வாய் அதைவிடத் தாராளம். எண்பத்தாறு ஜூனில் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் முன்னால் ஆரம்பித்தாள்.

"ஏ தாட்சா, இந்த வருசமும் தட்டுல சீனிதானா? உங்க ஊர்ல அதைவிட்டா ஒண்ணுமே கிடையாதோ?"

தாட்சாயிணி குடத்தை இறக்கி வைத்தாள். "எங்க ஊர்ல ஆழ்வாரே பொறந்துகிறாரு. தெரியுமா?"

"பொறந்திருக்கட்டும் தாயி. ஆழ்வாரைத் தட்டுல வச்சுத் தர முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தாட்சாயிணியின் முகம் சுண்டிப்போனது. குடம் பாதி நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து யார் வீட்டுத் தட்டையும் அவள் வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். சேவைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னது தாட்சாயிணியா என்று எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பசியைக்கூடத் தாங்கலாம், ஆசையைத் தாங்குவது அப்படியா?

அப்புறம் கொஞ்ச நாளில், செங்கல்வராயன் வேலைக்குப் போன பிறகு எதிர்வீட்டில் எண்ணெய் காயும் வாசனை வர ஆரம்பித்தது. ஒருநாள் தீய்ந்த வாசனை. மறுநாள் மிளகாய்க் காரத்தில் எனக்கு இருமல். பொறுக்க முடியாமல் போய்ப் பார்த்தேன். அடுப்படி முழுக்க மாவு. தட்டை மாதிரி, ஆனால் தட்டையைவிடச் சின்னதாக, மெல்லிசாக, வட்டவட்டமாகத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"துன்னு பாருக்கா."

தின்றேன். அரிசி மாவும் பொட்டுக்கடலையும் அடியில் இருந்தன. மேலே வந்தது சாத்தூர்ச் சேவின் பூண்டுக் காரம். பல்லில் அகப்பட்டது ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை. பொரித்தது தேங்காயெண்ணெயில். எங்கள் வீட்டுத் தட்டுகளில் இத்தனை நாள் தின்றதையெல்லாம் அவள் நாக்கு ஞாபகம் வைத்திருந்தது. அடுத்ததை நான் கேட்காமலே எடுத்தேன். அதற்கடுத்ததையும்.

"இதுக்குப் பேர் என்னடி?"

"காரக்காசு. எங்க ஊர்ப் பண்டம். திருமழிசைல ரொம்ப பேமஸ்" என்று முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாள். "நீ யாராண்டயும் சொல்லிடாதக்கா."

வாயில் காரக்காசை வைத்துக்கொண்டு நான் எங்கே சொல்வது?

அடுத்த வருஷம் லீவு முடிந்து எல்லாரும் ஊரிலிருந்து திரும்பியதும், தாட்சாயிணியும் ஒருநாள் திருமழிசை போய்வந்தாள். போகும்போதே பையில் காரக்காசு இருந்தது எனக்குத் தெரியும். வரும்போது அதையே மந்தாரை இலையில் கட்டிக்கொண்டு வந்து, வீடு வீடாகக் கொடுத்தாள். பஞ்சவர்ணம் ஒன்றை எடுத்துக் கடித்தாள். விழுங்குவதற்குள் இன்னொன்றை எடுத்தாள்.

"எந்தக் கடையில வாங்கினே?" என்று கடைசியில் கேட்டாள்.

அங்கேதான் தாட்சாயிணி தப்புச் செய்தாள். அம்மா வீட்டில் சுட்டது என்று சொல்லியிருக்கலாம். பெருமை தலைக்கேறி, "பஸ் ஸ்டாப்பாண்ட கீற டீக்கடைல. கூட்டம் அலமோதும்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் பஞ்சவர்ணம் என் கதவைத் தட்டினாள். கண்ணில் ஒரு வெறி. "குமாரி, டப்பா காலி. பிள்ளைகளுக்குத் தெரியாம அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன், நானே தின்னு முடிச்சிட்டேன். ராத்திரி பகல் அதே நினைப்பா இருக்கு. தாட்சாகிட்ட கேக்க எனக்கு ரோசமா இருக்கு. வா, திருமழிசைக்குப் போயி நாமளே வாங்கிட்டு வந்துருவோம்."

வேண்டாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். வெயில் என்றேன், பஸ்ஸில் கூட்டம் என்றேன். அவள் செருப்பை மாட்டிவிட்டாள். தனியாக விட்டால் இன்னும் ஆபத்து என்று நானும் கிளம்பினேன்.

திருமழிசையில் இறங்கியதும் டீக்கடைக்குப் போனோம். கூட்டமும் அலைமோதவில்லை, காரக்காசும் இல்லை. கடைக்காரர் அப்பாவு பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காரக்காசா? அது இன்னாம்மா அது?"

பஞ்சவர்ணம் கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு காரக்காசு. அத்தனை ஆசையிலும் அதை மட்டும் தின்னாமல் அடையாளத்துக்கு வைத்திருந்திருக்கிறாள். மனசே இல்லாமல் அதில் பாதியை உடைத்து அவரிடம் நீட்டினாள். அப்பாவு வாயில் போட்டார். துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மீதிப் பாதியையே பார்த்தார்.

"இது எங்க ஊர்தா? நான் இங்கியே பொறந்து வளந்தவன், இத்தினி வருசத்துல துன்னதில்லியே! யாரு குட்த்தா?"

"தாட்சாயிணின்னு, ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருக்கா."

"நம்ம பார்த்தசாரதி பொண்ணா? அது கைல இம்மாம் ருசி கீதா?"

பஞ்சவர்ணத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் மீதிப் பாதியைப் பொட்டலமாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். நாளைக் காலையில் குழாயடியில் தாட்சாயிணியின் மானம் போகப்போகிறது, இவள் விடமாட்டாள் என்று எனக்கு ஒரே கவலை. பிளாக் வந்ததும் பஞ்சவர்ணம் மேலே ஏறாமல் எதிர்வீட்டுக் கதவின் முன் நின்றாள்.

"திருமழிசைக்குப் போயிட்டு வாரேன். அங்க கூட்டமும் இல்ல, காரக்காசும் இல்ல."

தாட்சாயிணி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள்.

"ஆமாக்கா, கடைல வாங்கல. நான்தான் சுட்டேன். பொய்தான் சொன்னேன். எங்க ஊர்ல ஒண்ணும் இல்லன்னு நாலு பேர் முன்னால சொன்னியே, எனக்கு எப்டி இருந்திருக்கும்? அதான் ஒண்ணு உண்டாக்கினேன். இப்ப கீதுல்ல? சொல்லு, கீதா இல்லியா?"

பஞ்சவர்ணம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அதெல்லாம் கிடக்கட்டும். டப்பாவுல இன்னும் இருக்கா?"

இருந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து தின்றோம். குழாயடியில் அதைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவு சைக்கிளில் விசாரித்துக்கொண்டு வந்து, தன் கடையில் ஒரு பாட்டில் காரக்காசு வைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். தொண்ணூறுகளில் திருமழிசைத் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் டீயோடு காரக்காசு கேட்டு வாங்கித் தின்பதை நானே பார்த்திருக்கிறேன். தாட்சாயிணி சொன்ன கூட்டம் அப்போது நிஜமாகவே அலைமோதியது. அவள் மட்டும் மாறவில்லை. போட்டு முடித்ததில் முதல் பங்கு அவள் வாய்க்குத்தான். செங்கல்வராயனுக்கு எலிக் கதைதான்.

ஆனால் எனக்கு மறக்காதது, நாங்கள் திருமழிசை போய்வந்ததற்கு அடுத்த வருஷத்து மே மாதம்தான். ஊருக்குக் கிளம்பும்போது பஞ்சவர்ணம் ஒரு பெரிய டின்னைக் கொடுத்துக் காரக்காசு போட்டு வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷமாகப் பண்டமெல்லாம் ஊரிலிருந்து ஆவடிக்குத்தான் வந்திருக்கிறது. இங்கிருந்து ஊருக்கு ஒரு பண்டம் ரயிலேறியது அன்றுதான். ஜூனில் திரும்பி வந்தவள், சேவுத் தட்டோடு நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் கூடவே போனேன், சேவு இருந்ததே.

"எங்க மதினி டின்னோட எடுத்து ஒளிச்சு வச்சிக்கிட்டா. இது எந்த ஊர்ப் பண்டம்னு அண்ணன் கேட்டான்."

"நீ இன்னாக்கா சொன்னே?" தாட்சாயிணியின் குரல் இறங்கிவிட்டது.

"திருமழிசைன்னேன். அப்படி ஒரு ஊரான்னு கேட்டான். என்னண்ணே இப்படிக் கேக்கே, ஆழ்வார் பொறந்த ஊருல்லான்னேன்."

தாட்சாயிணிக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தட்டில் காரக்காசு குவிந்திருந்தது. பஞ்சவர்ணம் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் பாதியைத் தின்றுவிட்டாள்.