வளையமும் கொக்கிப்புழுவும்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைன் வீட்டிலிருந்து ரயிலில் பெங்களூருக்குப் போய் வேதியியல் ஆராய்ச்சி செய்த நாட்களில் எனக்கு ஒரே பிடிவாதம்தான். கொக்கிப்புழுவைக் கொல்ல ஒரு மருந்து செய்துகாட்ட வேண்டும். வெறுங்கால் வழியாக உடம்பில் ஏறி, சுரங்கத்தில் இறங்கியவர்களின் ரத்தத்தை உறிஞ்சி, நாற்பது வயதிலேயே ஆளைக் கிழவனாக்கும் புழு அது. அப்பாவும் அந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார்.

அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்தால் பெப்டைடு என்ற சங்கிலி கிடைக்கும். அதுதான் என் மருந்து. நேராக விட்டால் குடலிலும் புழுவிலும் உள்ள நொதிகள் அதை நுனியிலிருந்து கடித்துத் தின்றுவிடும். தலையையும் வாலையும் சேர்த்து வளையமாக்கினால் கடிக்க நுனியே இருக்காது. சொல்வது சுலபம். கரைசல் கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் ஒன்றின் தலை இன்னொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு எல்லாம் பிசினாகிவிடும். அதனால் சிட்டிகைப் பொருளைக் குடம் கணக்கான கரைப்பானில் கரைத்தேன். செலவைப் பார்த்து என் பேராசிரியருக்கு வயிறு எரிந்தது.

"மாசக் கடைசிக்குள்ள புழு மேல போட்டுக் காட்டு. இல்லேன்னா வளையத்தை விட்டுட்டு நேர் சங்கிலிக்கு வா" என்றார்.

எட்டு மாத உழைப்பில் எனக்குக் கிடைத்திருந்தது கொஞ்சம் வெள்ளைத் தூள். அதைக் குப்பையில் போடுவதா என்று பற்றிக்கொண்டு வந்தது.

வளையம் தயார், புழு வேண்டும். புழுவுக்கா எங்கள் லைனில் பஞ்சம்? லைனில் இருந்த தொழிலாளர்களிடம் காலித் தீப்பெட்டிகளைக் கொடுத்து, அதில் மலம் கொண்டுவரச் சொன்னேன். பன்னிரண்டு பெட்டிகள் வந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றில்கூட முட்டை இல்லை. பன்னிரண்டிலும் ஒரே மாதிரி கேழ்வரகு உமி. பரிசோதனை நாட்களில் சுரங்க டாக்டருக்குச் செய்யும் அதே வேலையை எனக்கும் செய்திருந்தார்கள். புழு இருப்பது தெரிந்தால் ஷிப்ட்டிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், கேழ்வரகுக் கஞ்சி குடிக்கும் ஒரு கைக்குழந்தையுடையதையே எல்லோரும் பங்கு போட்டிருந்தார்கள். அப்பாவின் பெட்டியும் அதில் ஒன்று.

ஷிப்ட் முடிந்து குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் போய் நின்று கத்தினேன்.

"உங்க பேரை நான் எழுதலையே! யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்? உங்களுக்காகத்தானே இந்தப் பாடு? ஏமாத்த வெக்கமா இல்ல?"

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாரையும் இன்னாத்துக்குத் திட்றே? உன் பெட்டி எங்க கீது?"

சுருக்கென்றது. அதே மண்ணில் வெறுங்காலோடு வளர்ந்தவள் நான். ஷூ போட்டுக்கொண்டு லேபுக்குப் போனதுமே புழு லைனோடு நின்றுவிட்டதாக நினைத்திருந்தேன். அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

மறுநாள் பதின்மூன்றாவது பெட்டியோடு ரயில் ஏறினேன். அதில் முட்டைகள் இருந்தன. கரித்தூளில் கலந்து, ஈரம் காயாமல் ஒரு வாரம் வைத்திருந்து, பொரித்து வந்த இளம்புழுக்களை இரண்டு கண்ணாடித் தட்டுகளில் விட்டேன். நேர் சங்கிலி ஊற்றிய தட்டில் அவை நெளிந்துகொண்டே இருந்தன. வளையம் ஊற்றியதில் ஒன்றுகூட அசையவில்லை.

பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு என் நோட்டைப் புரட்டி, நோயாளியின் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கிறதே, எந்தத் தொழிலாளி என்று கேட்டார். சுற்றி நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

"தொழிலாளி இல்ல சார். என் வயித்துல இருந்தது" என்று சொல்லி, அவர் பேனாவையே வாங்கி அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.