இரண்டு விரலால் பிடுங்கிய கடலை

எங்கள் நிலத்தில் வேர்க்கடலைச் செடியை இரண்டு விரலால் பிடுங்கலாம். பள்ளியில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர்கள் நிலங்களில் தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்து, களைக்கொட்டால் கொத்தி எடுத்தார்கள்.

"எங்கள் நிலம்" என்று நான் சொல்லிக்கொண்டதில் ஒரு பிழை உண்டு. திருப்போரூருக்கு மேற்கே இருந்த அது குத்தகை நிலம். எங்கள் வீட்டில் அதற்கு முன் எல்லாரும் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். குத்தகையே எங்களுக்குப் பெரிய ஏற்றம்.

கைக்கு வந்தபோது அது கட்டாந்தரை. செங்கல்பட்டில் குடியிருந்த நிலத்துக்காரர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அம்மா பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூத்த கையோடு மடக்கி உழவைத்தாள். கோடையில் ஆட்டுக்காரர்களைக் கெஞ்சி அழைத்துவந்து, புழுக்கை எருவுக்காகக் கிடை போடவைத்தாள். களைக்கொல்லி அடிக்கலாம் என்று சொன்ன அப்பாவோடு ஒரு சாகுபடிப் பட்டம் முழுக்கப் பேசவில்லை. தானே குனிந்து களை பிடுங்கினாள். சில ஆண்டுகளில் மண் கறுத்தது. எங்கே கிளறினாலும் மண்புழு நெளிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். முதலில் பிடுங்கும் கடலை நிலத்துக்காரருக்குப் போகவேண்டும். காயாக ஆய்ந்து அல்ல, செடியாக, வேரில் மண்ணோடு. மண்ணை உதறிக் கொடுத்தால் மரியாதைக் குறைவு. மண் கறுத்த அந்த ஆண்டு அப்பா கட்டு எடுத்துப் போனபோது நானும் கூடப் போனேன்.

நிலத்துக்காரர் ஒரு காயைக்கூட உடைத்துப் பார்க்கவில்லை. வேரில் இருந்த மண்ணைக் கிள்ளி விரலில் நசுக்கினார். முகர்ந்தார்.

"இன்னா மண்ணுபா இது! கேக்கு மாரி கீது."

"எல்லாம் இவங்கம்மா கைங்கய்யா" என்றார் அப்பா. அவர் அவ்வளவு பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. திரும்பும் வழியில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

படூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் புல்தரை போட நல்ல மேல்மண் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறுவடை முடிந்ததும், மண்ணை அவர்களுக்கு விற்றுவிட்ட நிலத்துக்காரர் அனுப்பிய பொக்லைன் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் என் தாய்மாமன்.

"அவரு நிலம், அவரு மண்ணு. நம்ம இன்னா பேசமுடியும்?" என்றார் அப்பா.

"நிலம் அவருது. மண்ணு என்னுது" என்றாள் அம்மா. பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "உனக்கு வேற வேலையே கெடைக்கலியாடா?"

"நான் வர்லன்னா வேற ஒருத்தன் வரத்தான் போறான்க்கா. நானாயிருந்தா வரப்பையாவது பாத்து வுடுவேன்."

"வரப்ப வெச்சி நாக்கு வழிக்கறதா?"

மாமா வண்டியில் ஏறினார். என்னையும் ஏற்றிக்கொண்டார். வகுப்பில் வேறு யாரும் பொக்லைனில் உட்கார்ந்ததில்லை. அதனால் நான் அம்மாவைப் பார்த்துக் கையாட்டினேன். முழங்கால் ஆழத்துக்கு மண் வழித்துக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ கொக்குகள் வந்து வண்டிக்குப் பின்னால் இறங்கி, புரண்ட புழுக்களைக் கொத்தித் தின்றன. நிலம் வெள்ளை வெளேரென்று திருவிழாப்போல் இருந்தது. ஒரு காக்கை வந்தாலே மண்ணாங்கட்டி எடுத்து எறியும் அம்மா, அன்று கையைத் தூக்கவில்லை.

கடைசி லாரி போனபிறகு நிலத்துக்காரர் அப்பாவை அழைத்துப் பெருந்தன்மையோடு பேசினார். "மண்ணத்தான எடுத்தேன், நிலம் எங்கியும் போவலியே? எப்பவும்போல நீயே பயிர் வெச்சிக்கோ. குத்தகைய ஏத்தமாட்டேன்."

நான்தான் வீட்டுக்கு முதலில் ஓடிப்போய், நிலம் நமக்கேதான் என்று கத்தினேன். அம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

மழைக்காலத்தில் மாமா வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே கதை சொன்னார்.

"முத மழைக்கே படூர்ல புழுவெல்லாம் டைல்ஸ் மேல ஏறிச்சாம்க்கா. அங்க கீற ஜனங்க ஒரே பேஜாராப்பூட்டாங்க. ஆள வுட்டு மருந்தடிச்சிட்டாங்களாம்."

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. குழம்பை நான்தான் ஊற்றினேன்.

வழித்தெடுத்த இடத்தில் மிஞ்சியது மஞ்சள் களிமண்ணும் சுக்கான் கல்லும். அம்மா வேண்டாம் என்றாள். அப்பா கேட்காமல் அதிலும் கடலை போட்டார். உழுதபோது ஒரு கொக்குகூட வரவில்லை. செடிகள் என்னவோ பச்சையாகத்தான் இருந்தன.

பிடுங்கும் நாள் வந்தது. நிலத்துக்காரர் வீட்டுக்குப் போகவேண்டிய முதல் செடியை அப்பா இரண்டு விரலால் இழுத்தார். அது அசையவில்லை. தண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி இழுத்தார். செடி அறுந்து அப்படியே கையோடு வந்தது. காய் ஒன்றுகூட வரவில்லை. வேரும் இல்லை, மண்ணும் இல்லை. அடுத்த செடியும் அறுந்தது. அதற்கடுத்ததும். அம்மா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா சொன்னபடி வரப்புக்கு ஒரு சேதமும் இல்லை.

அப்பாவுக்குப் பிடுங்கத் தெரியவில்லை என்றுதான் நான் நினைத்தேன். "தள்ளு நைனா, நான் புடுங்கறேன்" என்று இரண்டு விரலை நீட்டிக்கொண்டு ஓடினேன்.